எட்டுச் சக்கரமும் எட்டு எலுமிச்சையும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நீங்கள் மூன்று பேரும் அப்போது நல்ல தூக்கம். திரும்பி வந்து நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது, "இதைப் புள்ளைகளுக்கு வாயால சொன்னா பாதிய விட்டுருவீங்க, எழுதிக் குடுங்க" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை கண்டால் பெரியவள் திருத்திக்கொள். சின்னவர்களுக்கு நீயே படித்துக் காட்டு.

போன வருஷம் சிலோனிலிருந்து உங்கள் சித்தி பொன்னம்மா குடும்பம் வந்தது நினைவிருக்கும். நம் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு, இடுக்கி மலையில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போனார்கள். அவர்கள் மகள் மரகதம் ஒரு தகரப் பெட்டியை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாளே, அதற்குள் இருந்தது சக்கரம் வைத்த சப்பாத்து, நாம் பூட்ஸ் என்போமே அது. ஒரு காலுக்கு நாலு, இரண்டுக்கும் சேர்த்து எட்டுச் சக்கரம். அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிற போட்டி ஞாயிற்றுக்கிழமை மூணாறுப் பக்கத்தில் நடக்கப்போவதாகவும், சக்கரத்துக்குள் இருக்கிற பால்ரஸ் குண்டுகள் தேய்ந்து போய்விட்டதாகவும் சித்தப்பா பெருமாள் கார்டு போட்டிருந்தார். சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேலை? குண்டு, கிரீஸ், நாலு ஸ்பேனர் எல்லாம் ஒரு காக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொள்ளாச்சியில் இறங்கி உடுமலைப்பேட்டை பஸ். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு மூணாறு பஸ். உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் மூன்றரை ரூபாய். கண்டக்டர் நம் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கண்ணா, பையில என்னுங்க இந்தக் கலகலங்குது?"

"சைக்கிள் குண்டுங்க."

"மூணாறுல யாருங்க சைக்கிள் ஓட்டறாங்க? மேட்டுல ஏற முடியாது, பள்ளத்துல எறங்குனா நிக்க முடியாது!"

பஸ்ஸே சிரித்தது. "சைக்கிளுக்கு இல்லீங்க. எங்க சகலை புள்ள கால்ல சக்கரம் மாட்டிட்டு ஆடுமுங்க. அதுக்கு" என்றேன்.

"கால்லயே சக்கரமா? அப்ப அந்தப் புள்ளைக்கு டிக்கெட் போட முடியாது போங்க!"

சின்னாறு செக்போஸ்டில் எல்லாப் பைகளையும் பார்த்தார்கள். மறையூரில் சந்தனக் காடு இருப்பதால் அந்த வழியில் போகிறவன் வருகிறவன் எல்லாருமே திருடன்தான். காவலர் என் பையைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அவருக்கு மணத்தது கிரீஸ்.

மறையூரைத் தாண்டினால் மலை எழும்புகிறது. காந்தலூருக்குப் பிரிகிற இடத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு நாலு பேர் ஏறினார்கள். அதற்கப்புறம் தேயிலைதான். யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி மலை முழுக்க ஒரே வரிசை. மூணாற்றில் இறங்கியபோது தை மாதக் குளிர் வேட்டிக்குள் புகுந்தது. அங்கிருந்து பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறை பஸ். லயத்து வாசலில் நான் போய் நின்றபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

லயம் என்றால் தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடு. சித்தி வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். மரகதம் என் பையைப் பிடுங்கிக்கொண்டு போய் விளக்கடியில் குண்டுகளைக் கொட்டிப் பார்த்தாள். பெருமாள் மட்டும் கலகலப்பாக இல்லை.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்கல. ஞாயித்துக்கிழம இவ பேர மேல்போட்டிக்கு எடுத்தா ஆடட்டும். எடுக்கலையா, பெட்டிய மூடிர வேண்டியதுதான். பத்தொம்பது வயசாச்சு. தோட்டத்துல நெரந்தரமா பேர் பதியறாங்க. ஒரு கால இங்கயும் ஒரு கால அங்கயும் வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு நிக்க முடியும்?"

"ஒத்தக் கால்ல நிக்கிறதுதானே பெரியப்பா இந்த ஆட்டமே" என்றாள் மரகதம், குண்டுகளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பாருங்க, இந்த வாய்க்கு மட்டும் பால்ரஸ் தேயவே தேயாது" என்றாள் சித்தி.

சனிக்கிழமை காலை ஏலக்காய் ஸ்டோர் பக்கம் உள்ள சிமெண்டுக் களத்தில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றினேன். பெருமாளுக்கு ஸ்டோரில்தான் வேலை. மேஸ்திரியிடம் சொல்லிக் களத்தைக் கேட்டு வைத்திருந்தார். நான் கழற்றக் கழற்ற மரகதம் மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தாள். அவள் கதையை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டியது அது.

குளிர் தேசங்களில் ஏரித் தண்ணீர் கல்லாக உறைந்து போகுமாம். அதன் மேல் கத்தி வைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வட்டம் போடுவார்கள், எம்பிக் குதிப்பார்கள், பம்பரம் மாதிரி சுழலுவார்கள். அது ஒரு பெரிய போட்டி ஆட்டம். ஏரி உறையாத தேசத்தில் அதே ஆட்டத்தைப் பலகைத் தரையில், சக்கரம் வைத்து ஆடுகிறார்கள். சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் துரைமார் கிளப் ஒன்று இருந்தது. அந்த ஹாலுக்கு மெழுகு போட்டுப் பளபளப்பாக்குகிற வேலை பெருமாளுடையது. சனிக்கிழமை சாயங்காலம் துரைமார் பிள்ளைகள் ஆடுவதை ஏழு வயது மரகதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு துரை மகள் சீமைக்குப் படிக்கப் போனபோது தன் பழைய சப்பாத்தை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இவள் காலுக்கு ரொம்பப் பெரிசு. முன்பக்கம் துணி திணித்துக்கொண்டாள்.

"எடம் யாரு குடுத்தா?" என்று கேட்டேன்.

"அப்பாதான். மெழுகு போடுறதுக்கு முன்னாடி ஆடிக்க, கீறல் விழுந்தாலும் நான் தேச்சுருவேன்னு சொல்வாரு. விடிய விடிய ஆடுவேன். அவரு வாளிய வச்சிக்கிட்டு வாசல்ல நிப்பாரு. யாராச்சும் வந்தா வாளியத் தட்டுவாரு."

கிளப்புக்கு வந்து போன ஒரு டீச்சரம்மா இவளைப் பார்த்துவிட்டு முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஹட்டனில் ஜெயித்தாள், கண்டியில் ஜெயித்தாள். பிறகு கொழும்பில், தீவுக்கே முதலாவதாக இரண்டு வருஷம் வந்தாள். வெளிநாட்டுப் போட்டிக்கு இவள் பெயரை எடுத்தார்கள். அப்புறம் பாஸ்போர்ட் கேட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் ஜனங்கள் பல பேருக்கு அந்த நாட்டுப் பிரஜை என்கிற உரிமை கிடையாது. இவளுக்கும் இல்லை. இரண்டாவதாக வந்த பெண் போனாள்.

"அவ மேல கோவமில்ல பெரியப்பா. நல்லா ஆடுவா. நான் சொல்லிக் குடுத்த ஒரு சுத்து ஆட்டத்த அங்க போயி ஆடினாளாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கப்பல். ராமேஸ்வரத்துல எறங்குனா, சுங்கக்காரரு பெட்டியத் தொறந்து இது என்ன மிஷினுன்னாரு. காலுக்குன்னு சொன்னா நம்பல. போட்டுக் காட்டுன்னாரு. போட்டுக் காட்டினேன். துறைப் பாலத்துப் பலக நல்லாத்தான் இருந்துச்சு. சுத்துன வேகத்துல திரும்பக் கடலுக்குள்ள போயிருவேனோன்னு பயந்துட்டேன்."

அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சக்கரத்தையே உருட்டிக்கொண்டிருந்தாள். "அங்க ஆட்டம் இருந்துச்சு, நாடு இல்ல. இங்க நாடு குடுத்துட்டாங்க. ஒரே ஒரு தடவையாவது ஒரு நாட்டுக்காக ஆடிரணும் பெரியப்பா. அவ்வளவுதான்."

மத்தியானம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். சுண்ணாம்புக் கட்டியால் பெரிசாக ஓர் எட்டு வரைந்துவிட்டு, ஒற்றைக் காலில் அந்தக் கோட்டின் மேலேயே போனாள். களம் மழைத் தண்ணீர் வடிகிறதற்காக ஒரு பக்கம் சரிவு. சக்கரம் சரிவுக்கு இழுக்கிறது. இவள் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துக் கோட்டுக்குக் கொண்டு வருகிறாள். மூன்று தடவை சுற்றினாள், கோடு தப்பவில்லை. ஏலக்காய் ஆய்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "ஏ புள்ள, எங்களுக்கு நேரா நடக்கவே வழுக்குது, நீ எட்டுப் போடுற!" என்று ஒருத்தி கத்தினாள். பெருமாள் ஸ்டோர்க் கதவோரம் நின்றிருந்தார். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் புறப்பட்டோம். டிரைவரையும் சேர்த்துப் பதினோரு பேர். பூப்பாறைச் சந்தையில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சித்தி மட்டும் இறங்கிப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

போட்டி நடந்தது மூணாறு தாண்டி ஒரு பழைய கிளப் ஹாலில். சிவப்புத் தகரக் கூரை, சுற்றிலும் வராந்தா. உள்ளே தரை இருக்கிறதே, பிள்ளைகளே, நம் வீட்டுக் கண்ணாடியில்கூட என் முகம் அப்படித் தெரிந்ததில்லை. ஹாலைப் பராமரிக்கிற சுடலைமுத்து வெள்ளை உடுப்போடு முட்டி போட்டு ஒரு மூலையை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். பெருமாள் குனிந்து தரையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"தேன்மெழுகா அண்ணாச்சி?"

"ஆமா. தெரியுமா ஒமக்கு?"

"இருபது வருசம் போட்டிருக்கேன். டர்பன்டைன் கொஞ்சம் கம்மியா விட்டுருக்கீங்க. அதான் சரி, வழுக்காது."

சுடலைமுத்து சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலையிலயே கிளப் செக்ரட்டரி சொல்லிட்டாரு. தரையில ஒரு தூசியால எவளாவது விழுந்தா, நாளைக்கு வேலைக்கு வராதன்னு. அதான் இன்னும் தேய்க்கிறேன்."

ஆறு பெண்கள் போட்டிக்கு. மற்ற ஐந்து பேரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள், ஜிகினா வைத்த கவுன். மரகதம் போட்டிருந்தது சித்தியின் கல்யாணச் சேலையை வெட்டித் தைத்த பச்சைப் பட்டு. ஆறு பேரில் ஒருத்தியைத்தான் அகில இந்தியப் போட்டிக்கு எடுப்பார்கள்.

அவள் வராந்தாவில் சப்பாத்து மாட்டி எழுந்ததும் சித்தி பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே எட்டு எலுமிச்சம்பழம்.

"என்னம்மா இது?"

"பெரியப்பா பால்ரஸ் மாத்தியிருக்காரு. புது வண்டி மாதிரிதானே? சும்மா எறக்கக் கூடாது."

"ஏம்மா, இது என்ன காரா?" என்று சுடலைமுத்து சிரித்தார்.

"காருக்கு நாலு சக்கரந்தானே அண்ணாச்சி. இவளுக்கு எட்டு. கண்ணு எவ்வளவு படும்!"

சக்கரத்துக்கு ஒன்றாக எட்டுப் பழத்தையும் அடுக்கினாள். சிலோனில் ஒருநாளும் சுற்றிப் போடாததால்தான் கைக்கு வந்தது தட்டிப் போயிற்று என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு தீர்மானம். மரகதம் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு மிதி மிதித்தாள். பழமெல்லாம் பிதுங்கிச் சாறு தெறித்தது. சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் துணியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தேன். ஈரம் போயிற்று.

மைக்கில் முதலில் விதிகளைச் சொன்னார்கள். தரையில் கிடந்த பொருளால் விழுந்தால் முதலிலிருந்து ஆடலாம். தன் சப்பாத்துக் கோளாறால் விழுந்தால் விட்ட இடத்திலிருந்துதான், மார்க் குறையும்.

மரகதம் நான்காவது. முதல் பாகம் எட்டுப் போடுவது. எறணாகுளத்திலிருந்து வந்திருந்த நடுவர் அம்மா மற்றப் பெண்களுக்கு நாற்காலியில் இருந்தபடியே மார்க் போட்டவர், இவளுக்கு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். களத்துச் சரிவில் பழகினவளுக்குச் சமதரை பட்டு மாதிரி. அடுத்தது பாட்டுக்கு ஆடுவது. இசைத்தட்டைச் சுழல விட்டார்கள். நான் அதை எப்படி எழுதுவேன்? ஓடி வந்தாள், முதுகுப் பக்கமாகத் திரும்பினாள், எம்பினாள், காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள். ஹாலே கைதட்டியது. இரண்டாம் தடவை எம்பி இறங்கினபோது ஒரு சக்கரம் நின்றுபோயிற்று. மற்ற மூன்றும் ஓடின. பொத்தென்று விழுந்தாள்.

இசைத்தட்டை நிறுத்தினார்கள். "எந்து பற்றி, மோளே?" என்ன ஆச்சு மகளே என்று கேட்டபடி நடுவர் அம்மா ஓடி வந்தார். அதற்குள் செக்ரட்டரி சுடலைமுத்துவின் மேல் பாய்ந்தார். "என்னய்யா கெடந்தது தரையில? என்ன கெடந்தது?" அவர் தலை குனிந்து நின்றார். இரண்டு கையும் மார்பில் கட்டியிருந்தது.

"தரையில் ஏதாவது கிடந்ததா? சொல்லு. கிடந்திருந்தால் முதலிலிருந்து ஆடலாம்" என்று நடுவர் அம்மா தமிழில் கேட்டார்.

மரகதம் உட்கார்ந்தபடியே சக்கரத்தைத் திருப்பினாள். அச்சு இடுக்கில் நகத்தை விட்டு எதையோ நெம்பி எடுத்தாள். நான் ஓரத்தில் நின்றிருந்ததால் தெரிந்தது. எலுமிச்சங்கொட்டை. எம்பிக் குதித்த அதிர்ச்சியில் உள்ளே இறங்கிச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. கொட்டை எங்கே கிடந்து ஏறியது என்று யாரால் சொல்ல முடியும்? தரையில் கிடந்தது என்று ஒரு வார்த்தை போதும், முதலிலிருந்து ஆடலாம். அவள் சுடலைமுத்துவைப் பார்த்தாள். ஜன்னலோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாள். கையை மூடிக்கொண்டாள்.

"தரை சுத்தமா இருக்கு மிஸ். கோளாறு என் சக்கரத்துல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சக்கரந்தான் மிஸ்."

பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். இசைத்தட்டை விட்ட இடத்தில் வைத்தார்கள். அவள் எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு மீதியை ஆடினாள். மறுபடியும் அதே குதிப்பை எம்பினாள். இந்தத் தடவை இறங்கின சத்தமே கேட்கவில்லை.

எறணாகுளத்துப் பெண் முதலாவது. மரகதம் இரண்டாவது. முதலில் கைதட்டியது இவள்தான். நடுவர் அம்மா போகும்போது இவள் தோளைத் தொட்டு, "அடுத்த கொல்லம் எறணாகுளத்தாணு. வரணம்" என்றார், அடுத்த வருஷம் எறணாகுளத்தில், வர வேண்டும் என்று. சுடலைமுத்து ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து கொடுத்தார்.

"நான் பாத்தேன் பாப்பா. தரையில கெடந்ததுன்னு சொல்லியிருந்தா நீதான் மொதல்ல."

"எங்கப்பா மெழுகு போட்ட தரையில துரை வீட்டுப் பிள்ளைங்க விழுந்தப்பல்லாம் யாரத் திட்டினாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தாள்.

திரும்பும் ஜீப்பில் சித்தி அவள் முழங்காலுக்குத் துணி கட்டினாள். "எலுமிச்ச வச்சதால இதோட போச்சு. இல்லாட்டிக் காலே முறிஞ்சிருக்கும். படுபாவிக் கண்ணு!"

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆமாம்மா. அடுத்த தடவ சுத்தி ரோட்டுல போட்டுரு, அது போதும். சக்கரத்துக்கடியில வச்சா வராந்தாவுல வழுக்குது."

"அடுத்த தடவையா?" என்றார் முன்னால் இருந்த பெருமாள். சாந்தன்பாறை வரும்வரை ஜீப் மட்டும்தான் பேசியது.

திங்கட்கிழமை காலை மரகதம் ஏழு மணிக்கே ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. பூட்டுப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உங்கள் நினைப்புத்தான். நம் கடையில் அரை மணிக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் விழுந்து எழுந்து வருகிறீர்கள். அந்த மந்தைவெளி உங்களுடையதா என்று ஒருவரும் கேட்டதில்லை. விழுவதற்குக்கூட ஓர் இடம் வேண்டும் என்பது எனக்கே இவ்வளவு வயசுக்கு மேல்தான் உறைத்தது. இதைவிட நன்றாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆனால் புறப்படும்போது நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெருமாள் என்னை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் ஊதப் போனார். பெருமாள் படியருகே ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, இங்கருந்து எறணாகுளத்துக்கு நேர் பஸ் இருக்கா?"

"மாறித்தான் போகணும். யாரு போறா?"

"எம் மக" என்றார் பெருமாள். "இப்ப இல்ல. அடுத்த வருசம்."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு இப்பவே எடம் பிடிக்கிறீரா?"

"கேட்டு வச்சிக்கிறேன்" என்றார்.